மாசாய் மாரா: பாதிப் படத்தை எடுத்துவிடும் ஓட்டுநர் இருக்கை

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் லென்ஸைப் பற்றித்தான். 200-600 மில்லிமீட்டர் போதுமா, 100-400 எடுத்துக்கொண்டு டெலிகன்வர்ட்டர் (லென்ஸின் எட்டலைக் கூட்டும் இணைப்பு) போட்டுக்கொள்ளலாமா, இரண்டாவது கேமரா தேவையா? நியாயமான கேள்விகள்தான், பதிலும் சுலபம். ஆனால் ஒரு வண்டியில் எத்தனை பேர், அதை ஓட்டப்போகிறவர் யார், தங்கும் முகாம் யாருடைய நிலத்தில் இருக்கிறது என்ற மூன்றையும் கேட்காமலே முன்பணம் கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவரும் படங்களில் பாதிக்கு மேல் அந்த மூன்றிலேயே முடிவாகிவிடுகின்றன என்பது என் கணிப்பு. லென்ஸ் அதற்கப்புறம்தான்.

போட்டோ சஃபாரி என்ற பெயரில் இரண்டு ஏற்பாடுகள் விற்பனைக்கு உண்டு. ஒன்றில், அனுபவமுள்ள புகைப்படக்காரர் ஒருவர் குழு சேர்த்துக் கூட்டிப்போவார். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆகஸ்டில் புறப்படும் குழுக்கள் அநேகமாக இந்த ரகம். பகலில் செட்டிங் சொல்லித்தருவார், இரவில் படங்களை உட்கார்ந்து அலசுவார். இன்னொன்றில், முகாமே புகைப்படக்காரர்களுக்கென்று தனி வண்டியும் கைடும் வைத்திருக்கும். எதுவானாலும் விலங்கைக் கண்டுபிடிப்பது, அது அடுத்த அரைமணியில் எந்தப் பக்கம் நகரும் என்று ஊகிப்பது, வண்டியை எங்கே எந்தத் திசை பார்த்து நிறுத்துவது என்று முடிவெடுப்பது எல்லாம் ஸ்டியரிங் பிடித்திருக்கும் உள்ளூர் டிரைவர்-கைடின் வேலை. விளம்பரப் படத்தில் அவர் முகம் இருக்காது.

புல், மழை, ஒரு மாட்டு நோய்

மாரா கென்யாவின் தென்மேற்கு மூலையில், தான்சானிய எல்லையை ஒட்டி இருக்கிறது. காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். எல்லைக்கு அந்தப் பக்கம் விரியும் செரெங்கெட்டி தேசியப் பூங்கா 14,763 சதுர கிலோமீட்டர். மனிதர்களுக்குத்தான் இரண்டு நாடு, விலங்குகளுக்கு ஒரே புல்வெளி. நம் ஊர்க் காடுகளில் புதருக்குப் பின்னால் அரை முகம் தெரிந்தாலே பெரிய விஷயம். இங்கே சிங்கம் வெட்டவெளியில் படுத்திருக்கும். முன்னால் கிளையில்லை, பின்னால் அடைசலில்லை. உலகத்துப் புகைப்படக்காரர்கள் இங்கே வந்து குவிவதற்கு முதல் காரணம் இந்தத் திறந்தவெளிதான்.

இரண்டாவது காரணம் வில்டபீஸ்ட் என்ற, மாடு போலத் தோன்றும் பெரிய மான்களின் மந்தைகள். சுமார் 13 லட்சம் வில்டபீஸ்டுகள், கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரைகளும் தாம்சன் மான்களும், மழை பெய்து புல் துளிர்க்கும் இடத்தைத் தேடி ஆண்டு முழுக்கச் சுற்றிவருகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை செரெங்கெட்டியின் தெற்கே, இண்டூட்டு பக்கம் இருக்கும். பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களில் பெரும்பாலான கன்றுகள் அங்கேதான் பிறக்கின்றன. மே, ஜூனில் வடமேற்காக நகர்ந்து, ஜூலை முதல் அக்டோபர் வரை மாராவுக்குள் வந்துபோகும். நவம்பர் மழைக்குத் திரும்பத் தெற்கே இறங்கிவிடும்.

தொன்றுதொட்டு மாறாமல் நடக்கும் காட்சி என்று பயணப் பிரசுரங்கள் இதை வர்ணிக்கும். அது முழு உண்மையில்லை. 1890களில் ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிய வெக்கை நோய் மாசாய் மக்களின் மாடுகளோடு சேர்த்து வில்டபீஸ்டுகளையும் வாரிக்கொண்டு போனது. 1960களின் தொடக்கத்தில் எண்ணியபோது மொத்தமே இரண்டரை லட்சம் அளவில்தான் இருந்தன. சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் காட்டு விலங்குகளிடமும் நோய் அடங்கியது. 1970களின் இறுதிக்குள் எண்ணிக்கை 13 லட்சத்தைத் தொட்டது. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 2011-ல். ஆக, இன்று லென்ஸில் அடங்காமல் வழியும் அந்த மந்தை ஓரளவுக்குக் கால்நடை மருத்துவத்தின் விளைவு.

பெரும்பூனைகளோ மந்தையின் பின்னால் ஊர் ஊராகப் போவதில்லை. சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி (சீட்டா) மூன்றையும் மாராவில் ஆண்டு முழுக்கப் பார்க்கலாம். ஆற்றைக் கடக்கும் காட்சிதான் வேண்டும் என்றால் ஒழிய, ஆகஸ்டில் போய் நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் புல் தாழ்ந்து இருக்கும், கூட்டமும் குறைவு, கட்டணமும் பாதி.

யாருடைய நிலம்

மாரா என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் மூன்று விதமான நிர்வாகம். நரோக் கவுண்டி அரசு நேரடியாக நடத்தும் காப்பகம் ஒன்று. அதே காப்பகத்தில் மாரா ஆற்றுக்கு மேற்கே இருக்கும் முக்கோணப் பகுதி, அதாவது மாரா ட்ரயாங்கிள், 2001 முதல் மாரா கன்சர்வன்சி என்ற லாபநோக்கற்ற அமைப்பின் கையில் இருக்கிறது. மூன்றாவது, காப்பகத்துக்கு வடக்கிலும் கிழக்கிலும் மாசாய் குடும்பங்களின் சொந்த நிலங்களில் உருவான தனியார் கன்சர்வன்சிகள், அதாவது வனவிலங்குகளுக்காக ஒதுக்கிய நிலங்கள்.

இந்த மூன்றாவது ரகத்தின் கதை சுவாரசியமானது. ஒருகாலத்தில் கூட்டு மேய்ச்சல் நிலமாக இருந்தவற்றைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் பட்டா கொடுத்தார்கள். பிரித்த நிலத்துக்கு வேலி போட்டால் விலங்குகளின் வழி அடைபடும், அவரவர் விற்றால் விடுதிகளும் கோதுமையும் வந்துவிடும். அதனால் பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து, மொத்த நிலத்தையும் முகாம் நடத்துகிறவர்களுக்குக் குத்தகைக்கு விடும் முறை 2000களின் நடுவில் வலுப்பெற்றது. ஓல் கின்யேய், ஓலாரே ஓரோக், மாரா நார்த், நபோய்ஷோ எல்லாம் அப்படி அடுத்தடுத்து வந்தவை. பயணி வந்தாலும் வராவிட்டாலும் நிலக்காரருக்கு மாதக் குத்தகை போக வேண்டும் என்பது அடிப்படை ஒப்பந்தம். 2020-ல் கோவிட் வந்து முகாம்கள் காலியானபோது அந்த ஒப்பந்தம் ஆட்டம் கண்டது, பல இடங்களில் தொகை குறைந்தது. கென்யாவின் 2013 வனவிலங்குச் சட்டம் கன்சர்வன்சியைச் சட்டபூர்வமான நிலப் பயன்பாடாக ஏற்றுக்கொண்டது.

புகைப்படக்காரருக்கு இதனால் என்ன? நிறைய. காப்பகத்துக்குள் வண்டி பாதையை விட்டு இறங்கக் கூடாது, மாலையோடு சுற்றல் முடிந்தாக வேண்டும். கன்சர்வன்சியில் விலங்கு இருக்கும் இடம் வரை புல்லில் இறங்கிப் போகலாம், இரவிலும் வண்டியில் சுற்றலாம், கைடோடு நடக்கவும் செய்யலாம். அங்குள்ள முகாம்களில் தங்குகிறவர்களுக்கு மட்டுமே அனுமதி என்பதோடு, கூடாரங்களின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. ஓலாரே மோட்டரோகியில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்பது கணக்கு. அதனால் ஒரு சிங்கக் கூட்டத்தோடு மணிக்கணக்கில் நீங்கள் மட்டும் இருக்க முடிகிறது. விலை அதிகம், ஏன் அதிகம் என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

ஆற்றைக் கடக்கும் காட்சி மட்டும் கன்சர்வன்சியில் அநேகமாகக் கிடைக்காது. பெயர்பெற்ற கடவுகள் காப்பகத்திலும் ட்ரயாங்கிளிலும்தான் இருக்கின்றன. கன்சர்வன்சியில் தங்கிக்கொண்டு ஒன்றிரண்டு நாள் காப்பகக் கட்டணம் தனியாகக் கட்டி உள்ளே போய்வருகிறவர்கள் உண்டு. 2024 முதல், வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணம் ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஆளுக்கு நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். சீட்டு காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் செல்லும்.

அந்த ஆறு மணியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாரா பூமத்திய ரேகைக்குச் சற்றே தெற்கில் இருப்பதால் சூரியன் வருடம் முழுக்கக் காலை ஆறரை மணியை ஒட்டி எழும், எழுந்ததும் செங்குத்தாக ஏறும். மென்மையான வெளிச்சம் என்று சொல்லத்தக்கது ஒருமணி நேரம், மேகம் இருந்தால் இன்னும் கொஞ்சம். மலிவாக இருக்கிறதே என்று வாயிலுக்கு வெளியே தங்கினால், அந்த ஒருமணியில் ஒரு பகுதி வரிசையில் நிற்பதிலும் சீட்டுச் சரிபார்ப்பதிலும் கரையும். உள்ளே தங்குகிறவர் அந்நேரம் சிங்கத்தின் முன்னால் இருப்பார்.

ஓட்டுகிறவர்

இந்தியாவில் காட்டு சஃபாரிக்குப் போனவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜீப்பும் கைடும் அன்றன்றைக்கு வரிசைப்படி வரும், காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர். மாராவில் அப்படியில்லை. பயணம் முழுக்க ஒரே வண்டி, ஒரே கைடு. நல்லவர் அமைந்தால் நாளுக்கு நாள் உங்கள் ரசனை புரிந்து வண்டி நிற்கும் விதமே மாறும். அமையாவிட்டால் மொத்தப் பயணமும் போச்சு.

கென்யா 1977-ல் வேட்டையைத் தடைசெய்தது. அதுவரை துப்பாக்கிக்காரர்களுக்குப் பயன்பட்ட தடம் பார்க்கும் திறமைக்கு அதன் பிறகு கேமராக்காரர்கள் வாடிக்கையாளர் ஆனார்கள். இன்று அது முறையான தொழில். கென்யா தொழில்முறை சஃபாரி கைடுகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிநிலைகளில் தகுதி தருகிறது. தங்கம் பெற்றவர்கள் கொஞ்சம் பேர்தான். மாசாய் இளைஞர்களுக்குப் பயிற்சி தர 2005-ல் கொய்யாக்கி கைடு பள்ளி தொடங்கியது. கால்நடை மேய்த்து வளர்ந்த பையன்கள் அங்கே பறவைப் பெயர்களும் வாகனப் பழுதும் படித்தார்கள். சிங்கம் எங்கே படுக்கும் என்பதை மாடுகளைக் காப்பாற்றுவதற்காக அதற்கு முன்பே படித்திருந்தார்கள்.

கைடு செய்வது என்ன என்பதை ஒரு சிவிங்கிப்புலியை வைத்துச் சொல்லலாம். நிழலில் படுத்திருந்தது எழுந்து, உடம்பை முறித்து, கறையான் புற்றின் மேல் ஏறி நாலாபுறமும் பார்க்கிறது. பசி. தொலைவில் தாம்சன் மான்கள். அனுபவமில்லாத டிரைவர் அதன் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போவார். அப்படிப் போனால் கிடைப்பது வாலும் பின்னங்கால்களும்தான். தேர்ந்தவர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மான்கள் எங்கே, சூரியன் எங்கே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிர்த்திசையில் கிளம்புவார். வண்டியில் இருப்பவர்களுக்குப் பதறும். அவர் பெரிதாக ஒரு வட்டமடித்து, அது வரக்கூடிய வழிக்கு 200 மீட்டர் முன்னால், வெயில் முதுகுக்குப் பின்னால் விழும்படி நிறுத்தி எஞ்சினை அணைப்பார். அப்புறம் காத்திருப்பது. பத்தில் சில முறை அது வேறு பக்கம் போய்விடும். மற்ற முறைகளில் நேராக லென்ஸைப் பார்த்து நடந்துவரும்.

எஞ்சினை அணைப்பது சின்ன விஷயமாகத் தெரியும். 600 மில்லிமீட்டரில் டீசல் எஞ்சின் அதிர்வு படத்தை மழுங்கடிக்கும், ஸ்டெபிலைசர் அதை முழுதாகச் சரிக்கட்டாது. வண்டிக்குள் ஒருவர் எழுந்து நின்றாலே மற்றவர்களின் படம் ஆடும். ஆறு பேர் இருக்கும் வண்டியில் யாராவது ஒருவர் எப்போதும் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருப்பார். வண்டிக்கு மூன்று பேர், ஆளுக்கொரு வரிசை, இரண்டு பக்கமும் நகர இடம் என்பதற்குத்தான் புகைப்படக்காரர்கள் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். முக்காலி உதவாது. கதவு விளிம்பில் போடும் பீன் பேக் போதும், காலிப் பையாகக் கொண்டுபோய் அங்கே அரிசியோ பயறோ போட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

கைடுகள் வானொலியில் சுவாஹிலியிலும் மாசாய்களின் மா மொழியிலும் செய்தி பரிமாறுவார்கள். அது மட்டுமே துப்பு என்று நினைக்க வேண்டாம். ஒரே திசையை வெறித்துக்கொண்டு நிற்கும் டோபி மான், மூக்கால் சீறும் இம்பாலா, மரத்திலிருந்து குரைக்கும் பபூன், ஒரே இடத்தில் இறங்கும் பிணந்தின்னிக் கழுகுகள் எல்லாம் அவர்களுக்குச் செய்தி. வானொலியை மட்டும் நம்பும் டிரைவர் உங்களைக் கொண்டுசேர்ப்பது ஏற்கெனவே பத்து வண்டி நிற்கும் இடத்துக்கு.

கிட்டே போனால் படம் கெடும்

இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்று கைடை நச்சரிப்பது புதிதாக வருகிறவர்களின் வழக்கம். நெறிமுறையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வெறும் கணக்காகப் பார்த்தாலும் இது தப்பு.

கூரை திறக்கும் லேண்ட் க்ரூசரில் எழுந்து நிற்பவரின் லென்ஸ் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சிவிங்கிப்புலியின் கண் முக்கால் மீட்டர் உயரம். அது 10 மீட்டரில் நின்றால் நீங்கள் சுமார் 10 டிகிரி சாய்வில் கீழ்நோக்கி எடுக்கிறீர்கள். முதுகு பெரிதாகவும், பின்னணி முழுக்கப் புல்லாகவும் வரும். மாடியிலிருந்து தெருநாயை எடுத்த மாதிரி இருக்கும். அதே விலங்கு 40 மீட்டரில் நின்றால் சாய்வு இரண்டரை டிகிரிதான். அடிவானமும் தூரத்து மரமும் பின்னணிக்கு வரும், விலங்கு உங்களோடு சமமாக நிற்கும். 40 மீட்டரில் படத்தின் அளவு போதுமா என்றால், 600 மில்லிமீட்டரில் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 1.2 மீட்டர் நீளமுள்ள உடல் ஃபிரேமின் அகலத்தில் பாதியை நிரப்பும். அதற்கு மேல் என்ன வேண்டும்?

பக்கவாட்டுக் கதவு தாழ்ந்து, கிட்டத்தட்ட இடுப்புயரத்தில் லென்ஸ் வைக்க முடிகிற வண்டிகளைப் புகைப்பட முகாம்கள் வைத்திருப்பதற்கும் காரணம் இதே சாய்வுதான். அந்த வண்டி கிடைக்காவிட்டால் தூரம்தான் அதற்கு மாற்று.

தூரத்துக்கும் எல்லை உண்டு. ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் தரை சூடேறிக் கானல் எழும்பும். அந்த நேரத்தில் 150 மீட்டரில் இருக்கும் எதையும் எந்த விலைமதிப்புள்ள லென்ஸும் கூர்மையாக எடுக்காது. வீட்டுக்கு வந்து ஃபோகஸ் சரியில்லை என்று லென்ஸைச் சர்வீசுக்கு அனுப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். லென்ஸில் கோளாறு இருக்காது.

செட்டிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஷட்டர் வேகம் ஓடுகிற விலங்குக்கு 1/2000 வினாடி அல்லது அதைவிட வேகமாக, அசைவை இழுத்துக் காட்ட 1/30 பக்கம், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வை) ஏற்றப் பயப்பட வேண்டாம். தூசி கடுமையாக இருக்கும் என்பதால் வெளியில் லென்ஸ் மாற்றக் கூடாது. இரண்டு கேமராவில் இரண்டு லென்ஸ் என்பது அதற்காகத்தான்.

ஆற்றங்கரைக் காத்திருப்பு

மந்தை ஆற்றைக் கடப்பதைப் பற்றி ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. யாராலும் உத்தரவாதம் தர முடியாது. ஆயிரக்கணக்கில் கரைக்கு வந்து, மூன்று மணி நேரம் நின்று, ஒரு வரிக்குதிரை மிரண்டதும் மொத்தமும் திரும்பிப் போய்விடும். இல்லை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒன்று குதித்ததும் பின்னால் எல்லாம் சரியும். இத்தனை மணிக்கு என்று எந்தக் கைடும் சொல்ல மாட்டார், சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆறு காப்பகத்துக்குள் பொதுவாக வடக்கிலிருந்து தெற்காக இறங்குகிறது. ட்ரயாங்கிள் மேற்குக் கரை. மதியத்துக்குப் பிறகு மேற்குக் கரையில் நின்றால், எதிர்க்கரையிலிருந்து உங்களை நோக்கி வரும் மந்தையின் மேல் வெயில் நேராக விழும். அதே நேரத்தில் கிழக்குக் கரையில் நிற்பவருக்கு எதிர்வெளிச்சம். தூசியும் நீர்த்துளியும் ஒளிரும் படம் வேண்டும் என்றால் அதுவே நல்ல இடம். ஆறு வளைந்து வளைந்து போவதால் ஒவ்வொரு கடவுக்கும் கணக்கு கொஞ்சம் மாறும். எந்தக் கடவு எந்த நேரத்துக்கு என்பது கைடுக்கு மனப்பாடமாக இருக்கும்.

கடப்பது முடிந்ததும் வண்டிகள் கலைந்துவிடும். அங்கேயே இருப்பது மேல். 2017-ல் வெளியான ஓர் ஆய்வுப்படி, ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்டுகள் மாரா ஆற்றில் மூழ்கி இறக்கின்றன. சேர்த்துப் பார்த்தால் 1,100 டன். முதலை தின்பது அதில் கொஞ்சம்தான். கழுகுகள், மராபு நாரைகள், மீன்கள் என்று ஆறே அதை உண்கிறது, எலும்புகள் ஆண்டுக்கணக்கில் கரைந்து நீருக்கு உரமாகின்றன. பாய்ச்சலைப் படமெடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அடுத்த நாள் காலை அதே பாறையில் கழுகுகள் கூடியிருப்பதை எடுப்பவர்கள் குறைவு.

2025 ஜூலையில் செரெங்கெட்டி பக்கக் கரையில் சுற்றுலாக்காரர்கள் வண்டியை விட்டு இறங்கி வரிசையாக நின்று, கடக்க வந்த மந்தையை மறித்த வீடியோ உலகெங்கும் சுற்றியது. இறங்கியவர்களைத் திட்டியவர்கள் பலர். அவர்களை இறங்கவிட்ட கைடுகளைப் பற்றிப் பேசியவர்கள் சிலர். அந்தக் கைடுகளின் வருமானத்தைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

0.2 குட்டி

சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில் வேட்டையாடும். சிங்கமும் கழுதைப்புலியும் இரவில் சுறுசுறுப்பாக இருப்பதால் அவற்றைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. துரதிர்ஷ்டம், சுற்றுலா வண்டிகளும் பகலில்தான் வருகின்றன. மாராவில் ஃபெம்கே ப்ரூக்ஹவுஸ் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் குறைவாக இருக்கும் பகுதிகளில் ஒரு தாய் சராசரியாக 2.3 குட்டிகளைத் தனித்து வாழும் பருவம் வரை வளர்த்தெடுத்தது. வண்டிகள் நிறைந்த பகுதிகளில் அது 0.2.

குட்டிகளை யாரும் வண்டியேற்றிக் கொல்லவில்லை. தாய் பதுங்கிப் போகும்போது வண்டி குறுக்கே வந்தால் மான் விழித்துக்கொள்கிறது. பிடித்த இரையைச் சுற்றி வண்டிகள் சூழ்ந்தால் முழுதாகத் தின்னாமல் விட்டுப் போகிறது. இப்படிச் சின்னச் சின்ன இடையூறுகள் சேர்ந்துதான் அந்த எண் இறங்குகிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் கூடாது, மற்றவர்கள் தள்ளிக் காத்திருக்க வேண்டும், 25 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று மாராவில் விதிகள் இருக்கின்றன. ட்ரயாங்கிளில் ரேஞ்சர்கள் ஓரளவு கறாராக இருப்பார்கள். ஆகஸ்டு மாதத்து மற்றப் பகுதிகளில் ஐந்து என்பது காகிதத்தில்தான்.

ஏன் மீறுகிறார்கள்? கைடின் வருமானத்தில் டிப்ஸ் பெரும்பங்கு. பின்னால் உட்கார்ந்திருப்பவர் முகம் சுளித்தால் அந்த வாரத்துப் பணம் குறையும், மோசமான விமர்சனம் வந்தால் அடுத்த சீசன் வேலையே சந்தேகம். ஆறாவது வண்டியாக நுழைவதற்கு அவருக்கு ஒரு தனிக் காரணமும் இல்லை, நாம்தான் காரணம். அதனால் முதல் நாள் காலையிலேயே, நெருங்க வேண்டாம், கூட்டமிருந்தால் விட்டுவிடலாம், ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் டிப்ஸ் குறையாது என்று கைடிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது பெரிய வித்தியாசம் செய்யும். அதன் பிறகு வண்டி போகும் இடங்களே வேறாகிவிடும்.

கென்யா மட்டும்தான் என்றில்லை. தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்டில் வண்டியின் முன்முனையில் தனி இருக்கையில் தடம் பார்ப்பவர் ஒருவர் உட்கார்ந்து வருவார், சிறுத்தைக்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். போட்ஸ்வானாவின் சோபே ஆற்றில் படகிலிருந்து நீர்மட்டத்தில் யானைகளை எடுக்கலாம். ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸில் கைடோடு நடந்துபோய் எடுக்கிறார்கள், ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வாவும் நடைக்குப் பேர்போனது. நமீபியாவின் எட்டோஷாவில் நீங்களே கார் ஓட்டிக்கொண்டு போய் நீர்நிலைப் பக்கம் காத்திருக்கலாம், முகாம்களை ஒட்டிய நீர்நிலைகளில் இரவிலும் விளக்கு போட்டு வைத்திருப்பார்கள். முதல் பயணத்துக்கு மாராவைச் சொல்வதற்குக் காரணம், பெரும்பூனைகளைத் திறந்தவெளியில் பார்ப்பது அங்கே எளிது என்பது.

கிளம்புவதற்கு முன்

கென்யாவுக்கு 2024 முதல் விசா கிடையாது, ஆன்லைனில் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும். அதைவிட முக்கியமானது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். கடைசி வாரத்தில் ஓட வேண்டாம்.

நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் போகும் சிறிய விமானங்களில் கைப்பை உட்பட 15 கிலோதான், பையும் மெத்தென்று மடங்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு 600 எஃப்4 லென்ஸும் இரண்டு கேமராவும் வைத்தால் உடுப்புக்கு மிச்சம் சில கிலோ. கூடுதல் இருக்கை வாங்குகிறவர்கள் உண்டு. நரோக் வழியாகச் சாலையில் போனால் இந்தச் சிக்கல் இல்லை, ஐந்தாறு மணி நேரம் ஆகும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அனுமதியில்லாமல் பூங்காக்களில் பறக்கவிட முடியாது, விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துவிடுவார்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் தடை. ஆப்பிரிக்கா என்றதும் வெயிலைத்தான் நினைப்போம், ஆனால் மாரா ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேல் இருக்கிறது. திறந்த வண்டியில் அதிகாலைக் காற்று ஊட்டியை நினைவூட்டும், ஸ்வெட்டர் அவசியம்.

பணம் பற்றாவிட்டால் எதைக் குறைப்பது என்று கேட்பார்கள். நாட்களைக் குறையுங்கள், வண்டியில் உள்ள இடத்தைக் குறைக்காதீர்கள். ஏழு நாள் ஆறு பேரோடு போவதைவிட நான்கு நாள் மூன்று பேரோடு போவது மேல். லென்ஸை வாங்காமல் ஊரிலேயே வாடகைக்கு எடுக்கலாம். ஆகஸ்டை விட்டு ஜூனிலோ பிப்ரவரியிலோ போனால் நுழைவுக் கட்டணத்தில் மட்டும் நாளொன்றுக்கு 100 டாலர் மிச்சம். ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கைடின் பெயரையும் தகுதிநிலையையும் எழுத்தில் கேளுங்கள். பெயர் இன்னும் முடிவாகவில்லை, போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தால் வேறு ஏற்பாட்டாளரைத் தேடலாம்.